சத்தமில்லாத பாயிண்ட்கள்

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் கல்யாணப் பத்திரிகையில் யார் யார் பெயர் போட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில், "புது மோட்டார்கள் எப்படி ஓடுகின்றன? அப்பாவுக்குப் பழகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறாய். ஓடவில்லை. ஏழு மோட்டாரையும் நான் கழற்றிவிட்டேன். ஒரு திருகாணிகூடத் தவறாமல் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி பம்பாய்க்குப் பார்சல் போட்டாயிற்று. ஒரு கம்பியையும் அறுக்கவில்லை. பற்றவைத்த இடத்தைச் சூடு காட்டி இளக்கித்தான் எடுத்தேன். நீ அங்கே இருந்த என் பெட்டிகளை எடுத்தபோது ஒயர்களைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் முழுவதும் அந்தக் கோபத்தில்தான் வரும். படிக்கப் பிடிக்காவிட்டாலும் படி.

தபாலில் உனக்கு அனுப்புவதோடு, நம் படிப்பகத்தின் பொங்கல் மலருக்கும் இதைக் கொடுக்கிறேன். லிங்கராஜபுரத்தில் நம் தெரு ஆட்கள் பாதிப்பேர் அன்றைக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க வைத்தவன் நீ. பத்துப் பேர் எதிரில் நடந்ததற்கு உன்னிடம் மட்டும் ரகசியமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை. எதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லக் கூடாதது ஒன்று அதில் இருந்தது. அதையும் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "எல்லாத்தையும் எழுது. ஒண்ணும் உடாதே" என்றார்.

அந்த ரயில் மேசையின் கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். தெரியாது. சுதந்திரம் வந்த வருஷம் கன்டோன்மென்ட் பக்கத்தில் வீடு வீடாக வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அப்பா வேலை செய்த ரயில்வே சிக்னல் கேபினுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை, கப்பலில் ஏற்ற முடியாது என்று ஒரு மரப்பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு பொம்மை இன்ஜின், ஆறேழு பெட்டி, தகரத் தண்டவாளம், கரண்ட் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று. உனக்கு அப்போது ஒன்பது வயது. உனக்காகத்தான் அப்பா பலகை அடித்து அதைப் பூட்டினார் என்று பம்பாயில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். அவர் தனக்காகப் பூட்டினார். நாள் முழுவதும் கேபினில் ஆள் உயர லீவரை இழுத்து நிஜ ரயிலைத் திருப்பி அனுப்புகிறவர், அந்த வண்டிகள் அப்புறம் எங்கே போயின என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டு மேசையில் வண்டி சுற்றித் திரும்பி அவரிடமே வந்தது. அந்த ஆசைக்குத்தான் அந்த மேசை.

மலரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பாயிண்ட் என்பது தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம். அங்கே இரண்டு நாக்கு இருக்கும். நாக்கு இந்தப் பக்கம் ஒட்டினால் வண்டி நேரே போகும், அந்தப் பக்கம் ஒட்டினால் கிளைக்குத் திரும்பும். பாதியில் நின்றால் கவிழும். நிஜ ரயிலுக்கும் பொம்மை ரயிலுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. அப்பா இருபத்திரண்டு வருஷம் பாயிண்ட் இழுத்தார். அவர் வேலையில் இருந்த நேரத்தில் ஒரு வேகன்கூடத் தடம் இறங்கியதில்லை. அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். பேசாமல் இருப்பதில் அவருக்கு அவ்வளவு கர்வம்.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் ரயில்வே டாக்டர் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கேபின் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார். பார்சல் ஆபீசில் கொஞ்ச காலம் சாக்கு எண்ண வைத்துவிட்டு, அப்புறம் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அப்பாவுக்குக் கண்ணாடி நம்பர் ஏறிப்போச்சு" என்று சொன்னோம், நீயும் கேட்டுக்கொண்டாய். ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வரும், ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லை என்று கண்ணாஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேசையில் சின்னச் சின்ன லீவர்களைக் கையால் தேடும்போது அவர் பெட்டிகளைத் தட்டிவிட ஆரம்பித்தார். ஒருநாள் மேசைக்குத் துணி போட்டு மூடிவிட்டார். நான் அப்போது ரேடியோ பாகங்கள் செய்கிற ஆலையில் சுருள் சுற்றும் பிரிவில் இருந்தேன். எட்டு மணி நேரம் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்றுகிற வேலை. மேசைப் பாயிண்ட்களை நகர்த்தவும் சுருள் சுற்றலாமே என்று தோன்றியது.

ஒரு பாயிண்டுக்கு இரண்டு சுருள், நடுவில் ஒரு இரும்புத் துண்டு. பொத்தானை அமுக்கினால் சுருள் காந்தமாகி இரும்பை இழுக்கும், இரும்பு நாக்கைத் தள்ளும். அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து மேசைக்கு அடியில் பொருத்தினேன். முதல் பெட்டியைச் செய்ய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. முதல் தடவை அமுக்கியபோது அந்த இரும்பு பலகையில் போய் 'டொக்' என்று இடித்தது. எனக்கு அது குறையாகப் பட்டது. அப்பா முகத்தை நிமிர்த்தி, "இன்னொரு தரம் அமுக்கு" என்றார். அமுக்கினேன். "நாக்கு ஒட்டிச்சின்னு இங்க இருந்தே தெரியுது" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு பெட்டியிலும் இரும்பு போய் இடிக்கிற இடத்தில் வேறு வேறு பொருளை வைத்தேன். ஒன்றில் சைக்கிள் மணியின் மூடி. ஒன்றில் பிஸ்கட் டின் தகரம். கொட்டாங்கச்சித் துண்டு, பழைய டவரா, மருந்து பாட்டிலின் அடிப்பாகம், தேக்குக் கட்டை. ஒன்றை மட்டும் வெறும் பலகையாக விட்டேன். ஏழு பாயிண்ட், ஏழு சத்தம். நேருக்குத் திரும்பினால் ஒரு தட்டு, கிளைக்குத் திரும்பினால் இரண்டு தட்டு விழும்படி அமைத்தேன். மேசையைப் பார்க்காமலே எந்த நாக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நீ பம்பாய் வேலைக்குப் போவதற்குள் அவர் முழுக்கக் காதாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். உனக்குத் தெரியவில்லை.

இப்போது சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக் கண் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். உனக்கு வேலை உத்தரவு வந்த வாரமே என்னிடம், "அவங்கிட்ட சொல்லாதே. சொன்னா வேலய உட்டுட்டு வந்து இங்கயே ஒக்காந்துக்குவான்" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். நாலு வருஷமாக "அப்பா எழுதுவது" என்று உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் எழுதியவள் நான். கையெழுத்தும் நான்தான் போட்டேன். நீ லீவில் வரும்போது ஒரு சாமானையும் இடம் மாற்றாமல், அவர் நடக்கிற வழியில் முக்காலிகூடப் போடாமல் பார்த்துக்கொண்டேன். "அப்பா ஏன் பேப்பர் படிக்கறதில்ல?" என்று ஒரு தடவை கேட்டாய். "அரசியல் பிடிக்கலயாம்" என்றேன். ஆலையில்கூட நான் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

இந்தத் தடவை நீ பத்து நாள் லீவில் வந்தாய். கையில் ஏழு மோட்டார். பழைய ராணுவச் சாமான் விற்கிற கடையில் வாங்கிப் பல்சக்கரம் சேர்த்து நீயே செய்தது என்றாய். உன் சித்தப்பாவை வரவழைத்து அப்பாவை அவர் வீட்டுக்கு இரண்டு நாள் அனுப்பி வைத்தாய். ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். நான் ஆலை பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குள் வந்தபோது நீ மேசைக்கு அடியில் படுத்திருந்தாய். என் பெட்டிகள் இல்லை. கேட்டதற்கு, "அந்தக் குப்பையா? குஜிரிக்காரன் வந்தான், எடைக்குப் போட்டுட்டேன். உள்ள கொட்டாங்கச்சி எல்லாம் கெடந்துச்சும்மா. யார் வெச்சது அத?" என்று சிரித்தாய். நான் வைத்தேன் என்று சொல்லவில்லை. நீ புது ஸ்விட்சைத் தள்ளிக் காட்டினாய். நாக்கு மெதுவாக, நாலைந்து நொடி எடுத்து, பூனை நடக்கிற மாதிரி நகர்ந்து ஒட்டியது. "பாத்தியா, ஒரு சத்தம் இல்ல" என்றாய்.

உன் மோட்டார்கள் நல்லவை. அதை மறுக்க மாட்டேன். சுருளை அதிக நேரம் அமுக்கிப் பிடித்தால் கருகிவிடும், உன்னுடையதற்கு அந்தப் பயம் இல்லை. என் இரும்பு அடித்து அடித்துத் தண்டவாளத்தின் ஆணி இளகும், உன்னுடையது பலகையை அசைக்காது. வேலை தெரிந்தவளாகச் சொல்கிறேன், உன் கை சுத்தமான கை. அன்று அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைதான் என் வாயை அடைத்தது. அப்போதே உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கொட்டாங்கச்சி எதற்கு என்று சொல்ல வேண்டும், அது எதற்கு என்றால் கண்ணைச் சொல்ல வேண்டும், கண்ணைச் சொன்னால் நாலு வருஷப் பொய்யைச் சொல்ல வேண்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வந்தார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சமையலறையில் பத்துப் பேருக்கு வடை தட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பைச் சாக்கு வைத்துக்கொண்டேன். தெரிந்தே அவரை அந்த நாற்காலிக்கு அனுப்பினேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருக்கிறது. அதற்காக உன் பங்கு குறையாது.

மத்தியானம் சம்பந்தி வீட்டார் மல்லேஸ்வரத்திலிருந்து வந்தார்கள். தெரு ஆட்களையும் கூப்பிட்டிருந்தாய். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வழக்கமான இடத்தில் கை வைத்தார். பொத்தான் இல்லை, ஸ்விட்ச் இருந்தது. அவர் விரல் ஒரு முறை பின்வாங்கியதை நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். நீ எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா, மேல தள்ளினா நேரு, கீழ தள்ளினா கிளை. அவ்ளோதான்" என்றாய். அவர் ஒன்றைக் கீழே தள்ளிவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"என்னப்பா கேக்கறீங்க? மாறிடுச்சில்ல, பாருங்க" என்றாய்.

அவர் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பினார். வண்டியைக் கிளப்பினார். முதல் சுற்று ஓடியது. இரண்டாவது சுற்றில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாக்கு ஒட்டவில்லை என்று நினைத்து ஸ்விட்சை மேலே தள்ளி, மறுபடி கீழே தள்ளினார். என்னுடையதாக இருந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் மாறி, சத்தம் கொடுத்திருக்கும். உன்னுடையது பூனை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தபோதே இன்ஜின் அதன்மேல் ஏறியது. பாதியில் நின்ற நாக்கு. இன்ஜினும் இரண்டு பெட்டியும் மேசையிலிருந்து இறங்கி சம்பந்தியின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தன. "அய்யோ பாவ" என்று அவர் கன்னடத்தில் சொன்னார், அவ்வளவுதான். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, கொஞ்சம் கண்ணத் தொறந்து பாத்து ஓட்டக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் நீயும் சிரித்தாய். அப்பா, "தப்புதாம்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சொன்னதில்லை. அவர் சுவரைத் தடவாமல், காலடிகளை எண்ணி, நேராகப் பின்கட்டுக்கு நடந்துபோனார். அந்த நேரத்திலும் உன் எதிரில் தடுமாறக் கூடாது என்று நினைத்தார்.

அவர் பின்னாலேயே ஒருத்தி போனாள். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்காமல், "மாமா, காப்பி. சூடா இருக்கு" என்று சொல்லி, அவர் கையைத் தொட்டு, அந்தக் கையில் டம்ளரை வைத்து, விரல்கள் மூடுகிறவரை பிடித்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அத்தே, மாமாவுக்கு எத்தன வருஷமா கண்ணு தெரியல?" "கண்ணாடி மாத்தணும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வடைத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அந்தப் பெண் நம் வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சேகர். நீ பத்து நாள் இருந்தாய். அதற்கு முன்னால் நாலு வருஷம் லீவுக்கு லீவு வந்தாய். நாங்கள் மறைத்தோம், உண்மை. ஆனால் பார்க்க வந்தவள் பார்த்தாள். நீ காட்ட வந்தாய்.

நீ பம்பாய்க்கு ரயிலேறிய பிறகு அப்பா முன்னறைக்கே வரவில்லை. கடைத்தெருவில் யாரோ, "கேபின்காரரு வண்டியக் கவுத்துட்டாராமே" என்று விளையாட்டாகக் கேட்டார்களாம். அதோடு கடைத்தெருவும் நின்றது. நான் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு சிவாஜிநகர் போனேன். பழைய சாமான் வாங்கி விற்கிற குஜிரிக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன, எந்தக் கடை என்று உன்னிடம் கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் ஒரு வயதான சாயபு, பெட்டி என்றதும் தலையாட்டினார். "பித்தள இருந்தத மட்டும் தனியா பிரிச்சிட்டோம்மா. மிச்சம் அந்த மூட்டைல கீது. தேடிக்கோங்க" என்றார். இரும்புச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து மத்தியானம் வரை தேடினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னா சாமான்மா அது, இவ்ளோ தேடறீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குக் கண் மாதிரி என்றேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதை ஒரு மனிதரிடம் சொன்னேன். அதுவும் முன்பின் தெரியாதவரிடம். அவரும் என்னோடு குந்தித் தேட ஆரம்பித்தார். ஐந்து பெட்டி கிடைத்தது. மணி மூடி வைத்ததும் டவரா வைத்ததும் போய்விட்டன. பித்தளைக்காக உடைத்திருந்தார்கள்.

அந்த இரண்டையும் புதிதாகச் சுற்றினேன். ஐம்பதை நெருங்குகிற கண்ணுக்கு அந்தக் கம்பி இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இரண்டு தடவை அறுந்து முதலிலிருந்து தொடங்கினேன். நீ வெட்டிய ஒயர்களுக்கு ஒட்டுப் போட்டு ஏழையும் பூட்டி முடித்த மாலை, அப்பாவைக் கூப்பிடாமல் நானே பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஏழாவது முடிந்ததும் பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"அஞ்சு பழசு. ரெண்டு புதுசு."

"ஆமாங்க" என்றேன்.

"எங்க போச்சு அந்த ரெண்டும்?"

நான் சொன்னேன். மோட்டாரிலிருந்து, குஜிரிக் கடையிலிருந்து, அன்று தெரிந்தே அவரை உட்கார வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ தெரிஞ்சே உக்கார வெச்சியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வண்டியை ஓட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுகிறார் இப்போது. யாரையும் உள்ளே விடுவதில்லை, என்னைக்கூட. சாத்திய கதவுக்கு வெளியே நின்று நான் சத்தத்தை எண்ணுகிறேன். இதைத்தான் நீயும் நானும் சேர்ந்து சம்பாதித்திருக்கிறோம்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்வது இதுதான். அந்தப் பெண் வீட்டில் ஒரு பொருளை வினோதமான இடத்தில் வைத்திருந்தால், அதை எடுத்து எறிவதற்கு முன் ஏன் என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில். என்னிடம் நீ "யார் வெச்சது அத?" என்று கேட்டாய், ஆனால் நிற்கவில்லை, சிரித்துவிட்டு அடுத்த ஒயரை எடுத்தாய். நீ ஒரு கணம் நின்றிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் நீ நிற்கவில்லை. அவளிடம் மறைக்காதே. அவளும் உன்னிடம் மறைக்கிற அளவுக்கு நீ கெட்டிக்காரனாக இருக்காதே. உன் கெட்டிக்காரத்தனத்துக்குப் பயந்துதான் இந்த வீட்டில் இரண்டு பேர் நாலு வருஷம் நாடகம் ஆடினோம்.

மன்னிப்புக் கேட்டு எனக்கு எழுதாதே. அப்பாவுக்கு எழுதினாலும் அதை நான்தான் படித்துக் காட்ட வேண்டும், உன் வார்த்தைக்கு என் குரலைக் கொடுக்க எனக்கு இப்போது விருப்பம் இல்லை. கல்யாணத்துக்கு வருகிறோம். அப்பா வர மாட்டேன் என்றார், நான்தான் சம்மதிக்க வைத்தேன். மண்டபத்தில் அவர் கையைப் பிடித்து எல்லோர் எதிரிலும் நான் அழைத்து வருவேன். இனி அதை ஒளிக்கப்போவதில்லை. மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் கையை விட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். நீ வழக்கப்படி குனிந்து காலைத் தொட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்காதே. தொடுகிற கை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நிமிர்ந்து நின்று பேசு. முதலில் உன் பெயரைச் சொல். அவர் பதில் சொல்கிறாரோ இல்லையோ, சொல்லிவிட்டு அங்கேயே நில்.

அம்மா